மங்கல நேரத்தில் சாவுச் செய்தி இல்லை

சாவுச் செய்தி வருகிற சேனலை யாரும் மியூட் போட மாட்டார்கள். இதைக் கண்டுபிடித்தவள் நான்தான். கண்டுபிடித்த அன்று என் மூளையை நானே மெச்சிக்கொண்டு ஒரு குவளை மைலோ கலக்கிக் குடித்தேன். 

எங்கள் ஆட்களுக்குக் கல்யாணத்துக்கு ஒரு நியாயம், சாவுக்கு ஒரு நியாயம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால்தான் போவார்கள். கூப்பிட்ட விதம் சரியில்லை என்றால் கூப்பிட்டும் போக மாட்டார்கள். சாவுக்கு அப்படி இல்லை. காதில் விழுந்துவிட்டால் போயாக வேண்டும். போகாமல் விட்டால் பத்து வருடம் கழித்து எவர் வீட்டு விசேஷத்திலாவது அந்தப் பேச்சு கிளம்பும். மலாக்காவில் எஸ்டேட் தோட்டத்தில் எல்லாரும் ஒரே இடத்தில் இருந்தபோது இதில் சிரமம் இல்லை. தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறி, சனங்கள் மெர்லிமாவ், ஜாசின், டுரியான் துங்கால் என்று தாமான் என்கிற புதுக் குடியிருப்புகளுக்குச் சிதறிய பிறகு, யார் இருக்கிறார்கள் யார் போய்விட்டார்கள் என்பதே தெரியாமல் போயிற்று. தெரியாமல் போய்விடுமோ என்கிற அந்தப் பயத்தை வைத்துத்தான் நான் கடை விரித்தேன்.

அதற்கு முன் ஆயர் குரோ பக்கம் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். அந்த வேலை போனதும், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், எங்கள் பழைய தோட்டத்து ஆட்களுக்கென்று கைப்பேசியில் ஒரு சேனல் ஆரம்பித்தேன். சேனல் என்றால் நான் மட்டும்தான் செய்தி போட முடியும். மற்றவர்கள் பார்க்கலாம், கைகூப்பும் பொம்மையை அழுத்தலாம், அவ்வளவுதான். குரூப் என்றால் ஆளாளுக்குக் காலை வணக்கம் போட்டு, சர்க்கரை வியாதிக்கு வெண்டைக்காய்த் தண்ணீர் என்று போட்டு உயிரை வாங்குவார்கள். சேனலில் அந்தத் தொல்லை கிடையாது. நான் பேசுவேன், ஊர் கேட்கும். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

முதலில் கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, பழைய படங்கள் என்று போட்டேன். பார்த்தவர்கள் எங்கள் சொந்தக்காரர்களும் வேலையில்லாத இரண்டு பேரும். பிறகு ஒரு நாள் பழைய தோட்டத்தில் கணக்குப் பார்த்த கிராணி ஒருவர் இறந்த செய்தியைப் போட்டேன். அன்று மாலைக்குள் சேனலில் ஆட்கள் குவிந்துவிட்டார்கள். சிங்கப்பூரிலிருந்தெல்லாம் வந்து சேர்ந்தார்கள். அடுத்த செய்திக்குள் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒருவர்கூடப் போகவில்லை. போனால் அடுத்த சாவு தெரியாதே.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. ஒரு தோட்டத்துக்கு ஒரு சேனல் என்று ஆரம்பித்தேன். நான் பிறக்காத, கால் வைக்காத தோட்டங்களின் பேரிலும் ஆரம்பித்தேன். யாரோ போட்ட பழைய கோயில் படத்தை எடுத்து முகப்பில் வைத்தால் போதும், அந்தத் தோட்டத்துச் சனம் கண்கலங்கி வந்து சேரும். சாவு வீடுகளுக்குப் போகும்போது பையில் ஒட்டு நாடாவும், கைப்பேசியில் காட்டினால் சேனல் திறக்கிற கட்டம் கட்டமான படம் அச்சடித்த தாள்களும் எடுத்துப்போவேன். முற்றத்துக் கூடாரத்தின் கம்பத்தில், தண்ணீர்ப் போத்தல் பெட்டிக்கு மேலே, 'பதினாறாம் நாள் விவரம் அறிய' என்று எழுதி ஒட்டுவேன். உள்ளே ஒப்பாரி நடக்கும். வெளியே ஆட்கள் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கைப்பேசியைக் கம்பத்தில் காட்டுவார்கள். நான் தலையை ஆட்டி ஆட்டித் துக்கம் விசாரித்துக்கொண்டே, எத்தனை பேர் எழுந்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

சாவுச் சேனல்கள் பெருகியதும் அவற்றிலிருந்து மற்றச் சேனல்களுக்கு ஆட்களைத் தள்ளினேன். தங்க விலைக்கு ஒன்று, வேலை வாய்ப்புக்கு ஒன்று, வரன் பார்க்க ஒன்று, ராசிபலனுக்கு ஒன்று. ராசிபலனை நானே எழுதினேன். அரிசி வேகிற நேரத்தில் பன்னிரண்டு ராசியையும் முடித்துவிடுவேன். எனக்குப் பிடிக்காத ஒரு பெரியம்மா விருச்சிக ராசி. அதனால் மலாக்கா மாநிலத்து விருச்சிக ராசிக்காரர்கள் அத்தனை பேரும் என் கையால் நிறையக் கஷ்டப்பட்டிருக்கிறார்கள். அது சிரிப்பதற்கு. மற்றது எதுவும் சிரிப்பதற்கு இல்லை.

இந்தச் சேனல்கள் வளரக் காரணமாக இருந்த ஓர் அக்காவைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் தோட்டத்து லயத்து வரிசையில் நாலு வீடு தள்ளி இருந்தவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பிற்பாடு டுரியான் துங்காலில் மகனோடு ஒரு தாமான் வீட்டில் இருந்தார். மாதர் குழு, தேவாரக் குழு, சீட்டுக் குழு என்று எல்லாக் குழுவிலும் அவருக்கு ஆள் உண்டு. நான் சேனலை வளர்க்க அவரிடம்தான் போனேன். அவர் மறுபேச்சு இல்லாமல் தன் கைப்பேசியை என்னிடம் கொடுத்து, யார் யாருக்கு அனுப்ப வேண்டுமோ அனுப்பிக்கொள் என்றார். எங்கள் தோட்டத்து ஆட்களில் பாதிக்கு மேல் அன்று அவர் கைப்பேசி வழியாக வந்தவர்கள்.

அவருக்கு ஒரே ஒரு தம்பி. மெர்லிமாவில் இருந்தார். எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காய் ஏற்றுகிற லோரிகளுக்கு டயர் மாற்றும் கடையில் வேலை. அக்காவும் தம்பியும் பேசிப் பல வருடம் ஆகிவிட்டது. அக்காவின் மகள் கல்யாணத்தில் தாய்மாமனுக்குப் போட வேண்டிய மாலையை யாரோ முந்திக்கொண்டு வேறு ஒருவர் கழுத்தில் போட்டுவிட்டார்கள். தம்பி சாப்பிடாமல் எழுந்து போனார். அக்கா போய்க் கூப்பிடவில்லை. அவ்வளவுதான் சண்டை. எங்கள் ஆட்களுக்கு அது போதும்.

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகு நாளாக மனதில் வைத்திருந்த பேச்சு என்பது குரலிலேயே தெரிந்தது.

"அவன் எங்கிட்ட பேச வேணாம்லா. வரவும் வேணாம். ஆனா நான் போறன்னிக்கு பொறந்த வீட்டுக் கோடி எம்மேல விழணும். அப்பா அம்மா இல்ல, அவன்தான் பொறந்த வீடு. அவன் உன்னோட சேனல பாத்துகிட்டுதான் இருக்கான், எனக்குத் தெரியும். நீ ஒடனே போட்டுரு. அவன் வந்துருவான்."

கட்டிக்கொடுத்த பெண் இறந்தால், உடலை எடுப்பதற்கு முன் அவள் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை கொண்டுவந்து மேலே போர்த்த வேண்டும். எத்தனை பேர் எத்தனை சேலை கொண்டுவந்தாலும் அந்த ஒன்றுக்குத்தான் கணக்கு. அது வராமல் போனால் கேட்பாரற்றவள் என்று ஆகிவிடும். நான், சரிக்கா, இதென்ன பேச்சு இப்போது, நீங்கள் நூறு வருடம் இருப்பீர்கள் என்றேன். அவர், அதை விடு, போடுவாயா மாட்டாயா என்றார். செய்தி வந்த நிமிடமே போடுகிறேன் என்று சொன்னேன். அதை மனதாரத்தான் சொன்னேன்.

பிறகு விளம்பரம் வர ஆரம்பித்தது. முதலில் கூடாரம் வாடகைக்கு விடுகிறவர், கருமாதிச் சாப்பாடு சமைக்கிறவர் என்று சாவோடு ஒட்டிய ஆட்கள் வந்தார்கள். அதில் தப்பு தெரியவில்லை. அப்புறம் ஆயுள் காப்புறுதி ஏஜெண்டுகள் வந்தார்கள். இறந்தவர் வயது குறைவாக இருந்தால் அந்தச் செய்திக்கு நேர் கீழே தங்கள் விளம்பரம் வர வேண்டும் என்றார்கள். முப்பது வயதுப் பையன் விபத்தில் போனால் அவர்களுக்கு நல்ல இடம். நான் அந்த இடத்துக்குத் தனி விலை வைத்தேன். ஆவணம் இல்லாமல் உடனடிக் கடன் என்று ஒருவன் வந்தான். அவன் கந்துவட்டிக்காரன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வேலை வாய்ப்புச் சேனலில் அவனைப் போட்டேன். வேலை தேடுகிறவனுக்குத்தானே கடன் தேவைப்படும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். தொழிற்சாலையில் வாங்கின சம்பளத்தைவிட இரண்டு மடங்கு வந்தது. வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை.

தீபாவளி நெருங்கும்போது தெங்கேராவில் இருக்கிற ஒரு ஜவுளிக்கடை முதலாளி கூப்பிட்டார். மலிவு விற்பனை, முதல் நாள் காலையிலிருந்தே கூட்டம் வேண்டும் என்றார். என் சேனல்களில் எதில் அதிகப் பேர் என்று கேட்டார். சாவுச் சேனல்களில்தான் என்றேன். அவர் முகம் மாறியது. நெற்றி நிறைய விபூதி வைத்தவர். கடையின் நடுவில் லட்சுமி படம், அதற்கு எப்போதும் எரிகிற சின்ன மின்விளக்கு.

"நாங்க பண்றது மங்கலமான வியாபாரம்மா. எங்க சேலைக்கு மேலயும் சாவு கீழயும் சாவுன்னா எப்படி? காலைல ஏழுலேருந்து மத்தியானம் பன்னெண்டு வரைக்கும் சாவு ஒண்ணும் வரக்கூடாது. அதுக்கும் சேத்து சொல்லுங்க, குடுத்துர்றேன்."

சாவுக்காகக் காத்திருக்கும் கண்கள் வேண்டும், ஆனால் சாவு மட்டும் வேண்டாம். அந்த ஆளைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. இருந்தும் நான் அங்கே நின்றபடியே அதற்கு ஒரு பேர் கண்டுபிடித்துக் கொடுத்தேன். 'மங்கல நேரம்.' அந்த நேரத்தில் வரும் துக்கச் செய்திகளை ஒதுக்கி வைத்து, முடிந்ததும் மொத்தமாகப் போடுவது. அவருக்கு அந்தப் பேர் ரொம்பப் பிடித்துவிட்டது. வரும் தையில் ஒரு நகைக்கடைக்கும் சொல்கிறேன் என்றார். அவர்மேல் அருவருப்பு என்று எழுதினேனே, பேர் வைத்தது யார்?

விற்பனை நாளன்று காலை ஆறரைக்கே தெங்கேராவுக்குப் போய்விட்டேன். கடைக்கு வெளியே வரிசை தெரு முனை வரை நின்றது. நான் சேலைகளைப் படம் எடுத்து எல்லாச் சேனலிலும் போட்டுக்கொண்டே இருந்தேன். இடையில் துக்கச் செய்திகள் வந்தன. அன்று நாலோ ஐந்தோ. மலாக்காவில் அன்று கொஞ்சம் அதிகம்தான்.

நான் வேலை செய்கிற முறையை இங்கே சொல்ல வேண்டும். படங்கள் தானாக இறங்காதபடி கைப்பேசியில் வைத்திருந்தேன். இல்லாவிட்டால் தினமும் வருகிற முகங்களில் கைப்பேசி நிரம்பிவிடும். விரலால் தொட்டால்தான் படம் தெளியும். அதுவரை மங்கலாக, ஈரத்தில் ஊறிய தாள் மாதிரி இருக்கும். ஆரம்பத்தில் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, பேரை வாசித்து, தெரிந்தவரா என்று யோசித்து, பிறகுதான் போடுவேன். போகப் போக அதை விட்டுவிட்டேன். வந்த செய்திகளையெல்லாம் ஒன்றாக அழுத்திப் பிடித்து, எந்தச் சேனல், எத்தனை மணி என்று தட்டிவிட்டால் அந்த நேரத்துக்கு அதுவே போய்ச் சேர்ந்துவிடும். அன்றும் அப்படித்தான் செய்தேன். பன்னிரண்டு ஐந்து என்று நேரம் வைத்தேன். யார், எந்த ஊர், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எதையும் பார்க்கவில்லை. ஒரு கையில் மாம்பழ நிறச் சேலை இருந்தது.

மாலை நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, அன்று எந்தச் செய்தியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். சேலைகளுக்குக் கீழே ஒரு பேர் இருந்தது. அக்காவின் பேர். நல்லுடல் டுரியான் துங்கால் இல்லத்திலிருந்து அன்று மதியம் ஒன்றரைக்கு மின்சுடலைக்குக் கொண்டுசெல்லப்படும் என்று இருந்தது. செய்தியை எனக்கு அனுப்பியது அக்காவின் மகன். விடியற்காலையில் உயிர் போயிருக்கிறது. பண்டிகை நெருக்கம் என்று அன்றே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அவன் எனக்குக் காலை ஏழு நாற்பதுக்கு அனுப்பியிருக்கிறான். என் வாக்கை நம்பி ஒருத்தி போனாள், அந்தச் சாவை என் சேனலைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

அக்காவின் மகனுக்குப் போன் செய்தேன். கோடியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவனே சொன்னான். மாமா வரவில்லை, அப்பா வழிச் சேலையை மட்டும் போர்த்தி எடுத்துவிட்டோம் என்றான். மாமாவிடம் போன் செய்து சொன்னீர்களா என்று கேட்டேன். அவரிடம் பேசுவதில்லையே, நம்பரும் இல்லை, அதனால் என்ன, சேனலில்தான் போட்டாயிற்றே, அவர் பார்த்திருப்பார், வேண்டுமென்றே வரவில்லை என்றான். யாரும் யாருக்கும் போன் செய்யவில்லை. அக்காவின் புருஷன் வழி ஆட்கள், பக்கத்து வீட்டார், தேவாரக் குழு, எல்லாரும் சேனலில் வந்துவிடும் என்று இருந்துவிட்டார்கள். ஊரை அப்படிப் பழக்கியது நான்தான். பழக்குவதற்குத்தானே கம்பம் கம்பமாகத் தாள் ஒட்டினேன்.

ஏன் இவ்வளவு தாமதமாகப் போட்டீர்கள் என்று அவன் கேட்கவில்லை. அவன் இருந்த நிலையில் சேனலைப் பார்க்க நேரம் ஏது. ஏழு நாற்பது, பன்னிரண்டு ஐந்து என்கிற இரண்டு நேரமும் சேர்ந்து தெரிந்தது என் கைப்பேசியில் மட்டும்தான். நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். கூப்பிடாமலே போக வேண்டிய வீடு அது.

அந்த வாரம் முழுக்கத் தம்பியைத் திட்டினார்கள். எனக்கு வந்த குரல் பதிவுகளில் எல்லாம் அதே பேச்சு. அக்கா செத்த பிறகும் வீம்பு பிடித்தவன், கூடப் பிறந்தவளுக்கு ஒரு முழத் துணி போடாதவன், இவனெல்லாம் ஒரு ஆளா. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சிலருக்கு அழுகிற முகத்தைப் பதிலாகப் போட்டேன். சேலைக்கடைக்காரர் விற்பனை பிரமாதம் என்று நன்றி சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குக் கைகூப்பும் பொம்மையைப் போட்டேன். இரண்டையும் போட்டது ஒரே கட்டை விரல்.

பதினோராம் நாள், மதியம் மூன்று மணி இருக்கும். வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அக்காவின் தம்பி. அறுபது வயதுக்கு மேல் இருக்கும், ஒல்லியான ஆள், டயர்க் கறுப்பு நகத்தைவிட்டுப் போகாத கைகள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் தெங்கேரா கடையின் பேர் சிவப்பில் இருந்தது.  சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, ஒரு செய்தி போட வேண்டும், எவ்வளவு ஆகும் சொல் தங்கச்சி, கொடுத்துவிடுகிறேன் என்றார். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாள் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தந்தார். பேனாவால் நிறுத்தி நிறுத்தி எழுதியிருந்தார். அக்காவின் இறுதிச் சடங்குக்கு நான் வேண்டுமென்றே வராமல் இல்லை, என் கைப்பேசி பழையது, செய்தி தாமதமாக வந்தது, பிறந்த வீட்டுக் கோடி எடுத்துக்கொண்டு வந்தேன், அதற்குள் எடுத்துவிட்டார்கள், உறவினர்கள் மன்னிக்கவும். கீழே தன் பேரும், அவர்கள் அப்பா பேரும் போட்டிருந்தார்.

பதினாறாம் நாளுக்குப் போக வேண்டும், இந்தப் பேச்சோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்றார். பிறகு அந்த நாளைப் பற்றிச் சொன்னார். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டதிலிருந்து தினமும் என் சேனலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். போய்ப் பார்த்துவிடலாம், போய்ப் பார்த்துவிடலாம் என்று இருந்தவர் போகவில்லை. அன்று காலையில் மட்டும் பத்துத் தடவை பார்த்தாராம். சேலை சேலையாக வந்துகொண்டே இருந்ததாம். பன்னிரண்டு ஐந்துக்கு அக்கா வந்தார். டயர் கழற்றுகிற கம்பியை அப்படியே கீழே போட்டுவிட்டு மோட்டாரை எடுத்திருக்கிறார். கோடி எங்கே வாங்குவது என்று யோசிக்கவே இல்லை. காலையிலிருந்து அந்தக் கடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரே.

"கடையில ஒரே கூட்டம்மா. வரிசை நவுரவே இல்ல. சாவுக்குன்னு சொல்லி முன்னால போயிருக்கலாம். பண்டிகைக்குத் துணி எடுக்க புள்ளைங்கள்லாம் ஆசையா நிக்குது, அதுங்க காதுல போயி அந்த வார்த்தைய எப்படி சொல்றது. சொல்லல. நின்னுட்டேன்."

அரை மணி நேரம் நின்றிருக்கிறார். டுரியான் துங்காலுக்குப் போனபோது வீடு கழுவிக்கொண்டிருந்தார்கள். மின்சுடலைக்குப் போனபோது கதவு மூடியிருந்தது. பையோடு வெளியே நின்றுவிட்டு மெர்லிமாவுக்குத் திரும்பியிருக்கிறார். இந்தச் சேலையை வீட்டிலும் வைக்க முடியவில்லை, யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை, மோட்டாரிலேயே மாட்டி வைத்திருக்கிறேன் என்றார். அவர் கொடுக்கிற காசை வாங்கிக்கொண்டு நான் அந்தத் தாளில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டால் விஷயம் முடிந்துவிடும். அவருடைய பழைய போன் பழியை எடுத்துக்கொள்ளும். அந்த யோசனை எனக்கு வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எப்படி எழுதினால் அதிகப் பேர் பார்ப்பார்கள் என்பதுகூட ஒரு பக்கம் ஓடியது.

அவர் பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே கேட்டார்.

"நீ போயிருப்பல்ல? அக்கா மொகத்த பாத்தியாமா?"

இல்லை என்றேன். நானும் பார்க்கவில்லை என்றார். என் போனில் கண்ணாடி உடைந்திருக்கிறது, படம் சரியாகத் தெரியவில்லை, உன் போன் பெரிசு, அந்தச் செய்தியில் போட்ட படத்தைக் கொஞ்சம் காட்டு என்றார்.

அக்காவின் மகன் அனுப்பியதைத் திறந்தேன். படம் அப்போதும் மங்கலாகத்தான் இருந்தது. அந்தப் பதினோரு நாளில் நான் ஒரு தடவைகூட அதைத் தொடவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துத் தொட்டேன். தெளிந்தது. பச்சைச் சேலையில், ஏதோ கோயில் வாசலில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அக்கா நின்றார். கழுத்து எலும்பு தெரிந்தது. இவ்வளவு மெலிந்துவிட்டார் என்று எனக்குத் தெரியாது. தம்பி படத்தின்மேல் விரலை வைக்கப் போய், கையில் கறுப்பு இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, எடுத்துக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் கண் படத்தின் கீழே இறங்கியது. அங்கே நேரம் போட்டிருந்தது.

"காலைல ஏழு நாப்பது," என்று வாசித்தார்.

நான் சொன்னேன். சேலைக் கடைக்காரர் கேட்டது, நான் காசு வாங்கியது, பன்னிரண்டு மணி வரை சாவு போடுவதில்லை என்று ஒத்துக்கொண்டது, யார் என்று பார்க்காமல் நேரம் வைத்தது, அக்காவுக்கு நான் கொடுத்திருந்த வாக்கு, எல்லாவற்றையும் சொன்னேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.  அவர் அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் உட்கார்ந்த இடத்திலேயே எழுதினேன். அக்காவின் செய்தி எனக்கு ஏழு நாற்பதுக்கு வந்தது. விளம்பரத்துக்குக் காசு வாங்கியதால் பன்னிரண்டு ஐந்து வரை நான் போடாமல் வைத்திருந்தேன். தம்பிமேல் குற்றம் இல்லை. அவர் கோடியோடு வந்தார். குற்றம் என்னுடையது. எழுதி முடித்ததும் என் விரல் தானாகப் போய் நேரம் வைக்கிற இடத்தைத் தொட்டது. இரவு எட்டு மணி என்று வைத்தும்விட்டது. எட்டு மணிக்குத்தான் நிறையப் பேர் பார்ப்பார்கள். என் குற்ற ஒப்புதலைக்கூட நல்ல நேரம் பார்த்து விற்கத் தெரிந்த விரல் அது. அதைப் பார்த்தபோது என்மேல் எனக்கு வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை. நேரத்தை அழித்துவிட்டு, அத்தனை சேனலுக்கும் அந்த நிமிடமே அனுப்பினேன்.

அவர் வாசலில் பையை மோட்டாரில் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பையிலிருந்து கைப்பேசிச் சத்தம் கேட்டது. எடுத்து, உடைந்த கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்து, முழுவதையும் வாசித்தார். நான் கதவருகில் நின்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எம் போனு நல்லாதான் இருக்கு," என்றார். பிறகு தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மோட்டாரைக் கிளப்பினார்.